பத்தடி வட்டம்

எழிலி வண்டியை விட்டு இறங்கி மணலில் கால் வைத்ததுமே, நுழைவாயில் வரிசையில் நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கையை உதறிக்கொண்டு விலகினார்கள். விடிந்ததிலிருந்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தவர்கள். ஒருவனுக்குக் கெட்ட வார்த்தை நாக்கு நுனிவரை வந்து அப்படியே நின்றுவிட்டது. நின்று திட்டுவதற்கெல்லாம் நேரமில்லை, மூன்றாவது அதிர்வு வந்தால் முழங்கால் மடங்கிவிடும் என்று அவனுக்கும் தெரியும். ஐந்தே நிமிடத்தில் தாயும் மகளும் வாயிலைத் தொட்டுவிட்டார்கள். தர்ஷனாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"யம்மா, எல்லாரும் நம்மளயே பாக்காவ," என்றாள் எழிலி.

"பாத்தா பாக்கட்டும். நீ நேரா நட."

எல்லார் மணிக்கட்டிலும் முகர்காப்பு இருந்தது. பத்து வயதுக்கு மேல் யாரும் அதைக் கழற்ற முடியாது, பூட்டு அரசாங்கத்தின் கையில். தோலில் கசிவதையும் மூச்சில் வருவதையும் அது ஓயாமல் முகர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வாமைப் பட்டியலில் பெயர் உள்ள ஒருவர் பத்தடிக்குள் வந்து, அவருக்கு ஆகாத பொருள் உங்கள் மேல் இருந்துவிட்டால், முதலில் ஒரு சின்ன அதிர்வு. விலகாவிட்டால் முழங்கையைக் கதவில் இடித்துக்கொண்ட மாதிரி சுளீரென்று ஒன்று. அதற்கும் அசையாதவருக்குக் கால் நரம்புகளோடு காப்பே நேரடியாகப் பேசும். ஆள் பொத்தென்று விழுவார்.

எழிலிக்கு ஆகாதது நிலக்கடலை. நேற்றைய தோசைக்கு விட்ட கடலெண்ணெய்கூடத் தோலில் முப்பத்தாறு மணி நேரம் தங்கும். தூத்துக்குடிச் சீமையில் அதற்குத் தப்பியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இரண்டு வயதில் ஒரு கல்யாண வீட்டில், கடலைமிட்டாய் தின்ற வாயோடு யாரோ ஒரு பெண் எழிலியின் கன்னத்தில் முத்தம் வைத்தாள். கொஞ்சத்தான் செய்தாள், பாவம். கால் மணி நேரத்தில் குழந்தையின் தொண்டை அடைத்துக்கொண்டது. பதினோரு நாள் செயற்கை மூச்சு. அதன்பின் பள்ளிக்கூடம் கிடையாது, சினிமா கிடையாது, பஸ் கிடையாது, கோயில் பிரசாதம் கிடையாது. இப்படிப்பட்ட வீட்டில் தனக்கு மூச்சு முட்டுகிறது என்று சொல்லிவிட்டு அப்பா போய்விட்டார். மூச்சைப் பற்றி அந்த வீட்டில் பேச அவருக்குத்தான் தகுதி!

தர்ஷனா அழுதுகொண்டு உட்காரவில்லை. ஒன்பது வருடம் வழக்கு நடத்தினாள். ஊர் ஊராக மனுக் கொடுத்தாள், தொலைக்காட்சியில் சண்டை போட்டாள், பேட்டி கொடுத்தாள். 'ஒரு பிள்ளைக்காக ஊரே கடலை திங்கக் கூடாதா?' என்று கேட்டவர்களிடம், 'தின்னுட்டுத் தள்ளி நில்லுங்க' என்றாள். கடைசியில் சட்டம் வந்தது, காப்பும் வந்தது. இந்தச் சட்டத்தின் தாய் என்று பத்திரிகைகள் அவளுக்குப் பட்டம் கட்டின.

எழிலிக்கு இப்போது பதினாறு வயது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. முத்துக்கரை இசைவிழாவின் மூன்றாம் நாள் மாலை 'உப்பங்காத்து' குழு பாடும். நான்கு சுவருக்குள் காதுமாட்டியில் கேட்டுக் கேட்டு அவள் மனப்பாடம் செய்த பாட்டுகள். அதை மேடைக்கு முன்னால், கூட்டத்துக்கு நடுவில் நின்று கேட்க வேண்டும்.

"தனி மேடை கட்டித் தாரோம்னு சொல்லுதாவட்டி. மேல நின்னு நல்லாப் பாக்கலாம்."

"பாக்கதுக்கு இல்லம்மா. நெரிசல்ல நிக்கணும். நாலு பேரு என் மேல இடிக்கணும்."

தர்ஷனா இரண்டு வருடம் முடியாது என்றாள். காப்பு வந்த பிறகு முடியாது என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை.

முதல் நாள் அவர்கள் மேடைக்கு நேர் முன்னால்தான் நின்றார்கள். சுற்றிலும் அறுபதாயிரம் பேர். நடுவில் வட்டமாக வெறும் மணல், அதில் தாயும் மகளும். வட்டத்தின் விளிம்பில் மூச்சுவிட இடமில்லாமல் நசுங்கிக்கொண்டிருந்தவர்கள் பாட்டைவிட இவர்களைத்தான் அதிகம் பார்த்தார்கள். "ஏ கடலை! வீட்ல கெடந்து கேக்கக் கூடாதா?" என்று ஒரு குரல் வந்தது. சில பயல்கள் அதையே விளையாட்டாக்கிக்கொண்டார்கள். யார் அதிக தூரம் உள்ளே போய் வருவது என்று பந்தயம். ஒருவன் ஏழடி வரை வந்து கால் மடங்கி விழுந்தான், அவன் கூட்டாளிகள் காலைப் பிடித்து இழுத்துப் போனார்கள். எழிலி சிரிக்க முயன்றாள், முடியவில்லை.

ஒதுக்கியிருந்த கூடாரத்துக்குத் திரும்பியதும் படுக்கையில் குப்புற விழுந்தாள். "என் ரூமே தேவலம்மா. அங்கயாவது சொவரு பக்கத்துல இருக்கும்."

அப்போதுதான் நிமலன் வந்தார். விழாவின் கூட்ட நெறியாளர். சென்னைக்காரர், நாற்பது வயது, சத்தம் போட்டுப் பேசாதவர். முந்தின நாளிலிருந்தே கடலை தொடாமல் இருந்திருக்கிறார், அதனால் உள்ளே வர முடிந்தது. அதைப் பணிவாகச் சொல்லவும் செய்தார்.

"மேடம், நாலாம் வாசல்ல ஜனம் அடைச்சுக்கிச்சு. ரெண்டு பேர் மயங்கிட்டாங்க. ஆம்புலன்ஸ் உள்ள போக முடியல. பாப்பா கொஞ்சம் அந்தப் பக்கமா நடந்து வந்தாங்கன்னா..."

எழிலி எழுந்து உட்கார்ந்தாள். "நான் நடந்தா போதுமா?"

"நடந்தா போதும்மா."

நடந்தாள். கூட்டம் இரண்டாகப் பிளந்தது, ஆம்புலன்ஸ் அவள் பின்னாலேயே ஊர்ந்து வந்தது, மயங்கியவர்கள் பிழைத்தார்கள். தன்னார்வலர்கள் தூரத்தில் நின்று கை தட்டினார்கள். பிறந்ததிலிருந்து பிறருக்குத் தொந்தரவு என்றே பேர் வாங்கிய பெண்ணுக்கு அன்று பாராட்டுக் கிடைத்தது. மஞ்சள் நிற மேலங்கி ஒன்றும் கொடுத்தார்கள், முதுகில் 'வழித்துணை' என்று அச்சிட்டது. அதைப் போட்டுக்கொண்டே தூங்கினாள்.

இரண்டாம் நாள் ஐந்து முறை கூப்பிட்டார்கள். ஒரு முறை ஆம்புலன்ஸுக்கு. ஒரு முறை பாடகர் காருக்கு. பிறகு, விருந்தினர் அடைப்பைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும், பொதுக் கூட்டத்தை இருபதடி பின்னால் தள்ளித் தர முடியுமா என்றார்கள். வேலியோரமாக ஒரு நடை நடந்தால் போதும், அடியாட்கள் பத்துப் பேர் செய்கிற வேலை கத்தலும் கம்பும் இல்லாமல் முடிந்துவிடும். தர்ஷனா மகளோடு கூடவே நடந்தாள். சனம் சரிந்து சரிந்து ஒருவர் மேல் ஒருவராக விழுவதை அவள் பார்த்தாள். உண்மையைச் சொல்ல வேண்டும்: அவளுக்கு இனித்தது. விழுகிற ஒவ்வொருத்தியும் அந்தக் கல்யாண வீட்டுப் பெண் மாதிரியே இருந்தாள்.

ஐந்தாவது நடையில் ஒரு சிறுமியின் கை யாரோ ஒருவரின் பூட்ஸுக்குக் கீழே அகப்பட்டது. விரல் முறிந்த சத்தம் எழிலிக்குக் கேட்டது. அவள் நின்றாள். அவள் அங்கேயே நின்றதால், விழுந்தவர்களால் எழுந்திருக்கவே முடியவில்லை. யாராலும் அந்தச் சிறுமியைத் தூக்கக்கூட முடியவில்லை. "நகருட்டி, நகரு!" என்று அம்மா இழுத்த பிறகுதான் அவளுக்கு விளங்கிற்று.

கூடாரத்தில் மேலங்கியைக் கழற்றி எறிந்தாள். "இனிமே போமாட்டேன்."

"நாளைக்கு ஒரு நாளுதான," என்றாள் தர்ஷனா.

"அந்தப் பிள்ளைக்கு வெரல் ஒடிஞ்சிட்டும்மா. நீ பாத்தேல்லா?"

"பாத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாவ. சரியாயிரும். நீ மாட்டேன்னு சொன்னா நாளைக்கு நம்மள உள்ள விடுவாவளா? உன் பாட்டுக்காரங்க நாளைக்குத்தான வாராவ?"

எழிலி திரும்பிப் படுத்துக்கொண்டாள். மேலங்கியை எடுத்து மடித்து வைத்தவள் தர்ஷனாதான்.

மறுநாள் காலை கூடாரத்து வாசலில், சரியாகப் பத்தடி தள்ளி, ஒரு பெண் வந்து நின்றாள். மணப்பாடு ஊர்க்காரி, பெயர் ஜெசிந்தா, எழிலி வயதுதான் இருக்கும். முதல் நாள் வட்டத்தின் விளிம்பில் நசுங்கியவர்களில் அவளும் ஒருத்தி. தலைமுடி ஈரமாக இருந்தது, தோலெல்லாம் தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்தது.

"ஆன்ட்டி, நாங்க அன்னைக்கே கடலைய நிறுத்திட்டோம். எண்ணெய் பலகாரமே தொடல. வெறும் இட்லி, சீனி தொட்டு. மூணு தடவை சோப்பு போட்டுக் குளிச்சிருக்கோம். இப்ப உள்ள வரலாமா?"

"எதுக்கு?" என்றாள் தர்ஷனா. இந்தக் கேள்விதான் அவள் வாயில் முதலில் வந்தது.

ஜெசிந்தாவுக்குக் கேள்வி புரியவில்லை. "எதுக்குன்னா? சேந்து ஆடத்தான்."

சொல்லிக்கொண்டே ஓரடி வைத்தாள். காப்பு பேசவில்லை. இன்னும் ஓரடி. எழிலி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெசிந்தா நேராக வந்து அவள் தோளில் கையைப் போட்டு, "ஏட்டி, நீ இவ்ளோ ஒசரமா? தூரத்துல பாக்கையில தெரியல," என்றாள். பதினான்கு வருடத்தில் அம்மாவும் மருத்துவர்களும் அல்லாத ஒரு கை எழிலி மேல் பட்டது அதுதான் முதல் தடவை. அவள் அழுத அழுகையைப் பார்த்து ஜெசிந்தா பயந்தே போனாள்.

அன்று மாலை ஐந்து மணிக்கு வந்தது ஜெசிந்தா மட்டுமல்ல. அவள் கூட்டாளிகள், அவர்கள் சொல்லிக் கேட்டவர்கள், சுண்டல்காரனைத் திருப்பி அனுப்பிய கல்லூரிப் பிள்ளைகள் என்று இருநூறு பேருக்கு மேல். மேடைக்கு முன்னாலிருந்த வெற்று மணல், இரண்டு நாளாக யாரும் மிதிக்காத அந்த வட்டம், முதல் பாட்டு தொடங்குமுன்பே நிறைந்துவிட்டது.

தர்ஷனா விளிம்பில் நின்றுவிட்டாள். உள்ளே எழிலியின் தலை தெரிந்தது, கை தெரிந்தது, பிறகு யாருடையதோ முடி குறுக்கே வந்தது, மறுபடி தலை தெரிந்தது. முரசு அதிர்ந்தபோது கூட்டம் மொத்தமாகக் குதித்தது. யாருடைய முழங்கையோ எழிலியின் வாயில் இடித்து உதடு கிழிந்தது. அவள் ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டுச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பைத் தர்ஷனா அந்த முகத்தில் பார்த்ததே இல்லை. மகிழ்ச்சியாக இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் பதினான்கு வருடமாக அந்தப் பிள்ளைக்கும் உலகத்துக்கும் நடுவில் நின்றவள் அவள். இப்போது நடுவில் நிற்க இடம் இல்லை.

"மேடம்." பக்கத்தில் நிமலன் நின்றார். கையில் விரல்பலகை. அதன் திரையில் மைதானம் முழுக்கப் பச்சை, மேடைக்கு முன்னால் மட்டும் ரத்தச் சிவப்பு. "ஒரு சதுர மீட்டர்ல எட்டுப் பேர். ஆறுக்கு மேல போனாலே அபாயம். உங்க பொண்ணு அதுக்கு நடுவுல இருக்காங்க."

"அவங்க கடலை சாப்பிட்டுட்டு வரலையே?"

"அதான் பிரச்சனை. வட்டம் வேலை செய்யல. யாராவது ஒருத்தர் கால் தடுக்கினா போதும்."

அந்த நேரம் பார்த்து எழிலியின் கை ஒரு முறை மேலே எழுந்தது, பிறகு இறங்கியது. மறுபடி எழவில்லை. தர்ஷனா எட்டிப் பார்த்தாள். வெறும் தலைகள். ஜெசிந்தாவின் தலை தெரிந்தது. எழிலியின் தலை இல்லை.

"எழிலீ!" என்று கத்தினாள். பாட்டுச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"பட்டியல்ல இன்னொரு பொருளைச் சேத்துட்டா வட்டம் உடனே திரும்பி வந்துடும், மேடம். நம்ம டாக்டர் கூடாரத்துலேர்ந்து ஒப்புதல் குடுத்துட்டார். காப்பாளர்ங்கற முறையில உங்க விரல் மட்டும்தான் பாக்கி."

பலகையில் நான்கு வரி எழுதியிருந்தது. பிஸ்கட் உறையின் பொடி எழுத்தை வெயிலில் பிடித்துப் பிடித்துப் படித்தவள், மருந்துச் சீட்டில் ஒரு புள்ளி மாறியிருந்தால்கூடக் கடைக்காரனை உண்டு இல்லை என்று ஆக்கியவள், அந்த நான்கு வரியைப் படிக்கவில்லை. விரலை அழுத்தினாள்.

இருநூறு பேரும் ஒரே நேரத்தில் கையை உதறினார்கள். சில நொடிதான். அதற்குள் விலக எங்கே இடம்? உள்ளே இருந்தவர்கள் வெளியே பாய்ந்தார்கள், வெளியே இருந்தவர்கள் நகர வழியில்லாமல் நின்றார்கள், மூன்றாவது அதிர்வில் நடுவிலிருந்தவர்களின் கால்கள் போயின. அடுக்கி வைத்த மூட்டை சரிந்த மாதிரி விழுந்தார்கள். ஜெசிந்தா எழிலியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் கோணிக்கொண்டு போயிற்று, அப்படியும் விடவில்லை. கடைசியில் விரல்கள்தான் தாமாக விரிந்தன. ஊர்ந்தும் உருண்டும் ஒருவரையொருவர் இழுத்தும் அவர்கள் வெளியேறினார்கள். சிலர் அசையவில்லை, அவர்களைக் காலைப் பிடித்து இழுத்துப் போனார்கள்.

வட்டம் திரும்பி வந்துவிட்டது. அதன் நடுவில் எழிலி மண்டியிட்டிருந்தாள். அவள் விழுந்திருக்கவே இல்லை. கழன்ற செருப்பை மாட்டக் குனிந்திருந்தாள்.

கூட்டம் சிதறி ஓடியதில் வட்டத்துக்கும் நாலாம் வாசலுக்கும் இடையில் ஒரு பாதை பிறந்திருந்தது. அதன் வழியாகச் சிறப்பு விருந்தினரின் கறுப்பு வண்டி, அரை மணி நேரமாக வாசலில் நின்றிருந்த வண்டி, மெதுவாக மேடைப் பக்கம் போயிற்று. நிமலன் காதுமாட்டியில், "கிளியர், சார்," என்றார்.

தர்ஷனா அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. மகளைப் பார்த்து ஓடினாள். பத்தடி இருக்கும்போது மணிக்கட்டு அதிர்ந்தது. அவள் வாழ்க்கையில் ஒரு முறையும் அதிராத காப்பு. பதினான்கு வருடமாகக் கடலை இருக்கும் கடைக்குள்கூடக் கால் வைக்காதவள். ஏதோ கோளாறு என்று நினைத்து இன்னும் இரண்டடி வைத்தாள். முழங்கையில் சுளீரென்றது. அப்படியும் போனாள். கால் போயிற்று.

மணலில் விழுந்து, புரண்டு, பின்னால் நகர்ந்தாள். "என்னத்தய்யா சேத்தீங்க?"

"வியர்வை, மேடம்," என்றார் நிமலன். "மனித வியர்வை. கடலைன்னா விட்டுடறாங்க. அரிசின்னு வெச்சாலும் ரெண்டு நாள் பட்டினி கிடந்து வந்துடுவாங்க இந்தப் பசங்க. யாராலயும் விட முடியாத ஒண்ணு வேணும் இல்லையா?"

"எடுங்க. இப்பவே எடுங்க! என் வெரலு வேணுமா? இந்தாங்க!"

அவர் பலகையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "சேக்கத்தான் மேடம் விரல் போதும். எடுக்கணும்னா மருத்துவக் குழு உக்காரணும், மூணு வருஷம் பரிசோதனை பண்ணணும். சுலபமா எடுக்கற மாதிரி இருந்தா எவனாவது குமாஸ்தா பேரை அடிச்சிடுவான், பிள்ளைங்க செத்துப்போகும்னு கோர்ட்ல நீங்கதானே வாதாடினீங்க? உங்க பேர்லதான் அந்த விதியே இருக்கு."

மேடையில் பாட்டு நின்றிருந்தது. பாடகன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஒலிவாங்கியைக் கையில் எடுத்தான். கீழே என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம், உயிரைப் பணயம் வைத்துத் தன் பாட்டைக் கேட்க வந்த ஒரு பெண் தனியாக நிற்கிறாள் என்பதுதான். "நம்ம எழிலிக்கு ஒரு பெரிய கைதட்டு குடுங்க!" என்றான். தூரத்தில் இருந்தவர்கள், விழாதவர்கள், தட்டினார்கள். அது பெரிய சத்தமாகத்தான் இருந்தது.

எழிலி எழுந்தாள். உதட்டு ரத்தம் மோவாய் வரை வழிந்திருந்தது. சுற்றிப் பார்த்தாள். அவள் பார்த்த பக்கமெல்லாம் ஜனம் ஓரடி பின்வாங்கியது. ஜெசிந்தாவைத் தேடினாள், காணவில்லை. பிறகு மணலில் கிடந்த அம்மாவைப் பார்த்துவிட்டாள்.

"யம்மா!"

ஓடி வந்தாள். தர்ஷனாவின் மணிக்கட்டு அதிர்ந்தது. மகள் கையை நீட்டிக்கொண்டு வருகிறாள், அம்மாவைத் தூக்குவதற்கு. முழங்கையில் மறுபடி சுளீரென்றது.

"வராத! அங்கனயே நில்லு!"

எழிலிக்கு அது விளங்கவில்லை. விழுந்து கிடக்கிற அம்மா தன்னைப் போ என்று எதற்குச் சொல்ல வேண்டும்? "என்னம்மா செய்யி? அடிபட்டுட்டா?" என்று கேட்டுக்கொண்டே இன்னும் நெருங்கினாள்.

"கிட்ட வராதட்டி! என் தங்கமே, கிட்ட வராத!"

எழிலி இன்னும் ஓரடி வைத்தாள். தர்ஷனா இரண்டு கையையும் மணலில் ஊன்றி, செத்த கால்களை இழுத்துக்கொண்டு, பெற்ற பிள்ளையிடமிருந்து தவழ்ந்து ஓடினாள்.